இரண்டு இழுப்புக்குப் பின் ஒன்பது படம்

போன மாதம் ஒரு நாள் காலை பதினோரு மணிக்கு ஆபீஸிலிருந்து போன் வந்தது. நான் ஓய்வு பெற்று ஒன்றரை வருடமாகிறது. ஓசூரில் நான் வேலை பார்த்த சர்வே கம்பெனியில் இப்போது பழைய பறவைப் படங்களையெல்லாம் வரிசைப்படுத்திப் புதுக் கம்ப்யூட்டரில் ஏற்றுகிறார்கள். அந்த வேலையைப் பார்க்கும் கவிதா என்ற பெண்தான் பேசினார்.

"சார், உங்க நாட்றாம்பாளையம் கழுகுப் படம் இருக்குதுல்ல, அந்த வரிசையில 4417-க்கு அப்புறம் 4419 வருது சார். நடுவுல 4418 காணோம். உங்ககிட்ட காப்பி ஏதாச்சும் இருக்குமா?"

"பழைய கேமராம்மா. சில நேரம் நம்பர் தாவும்" என்றேன். கொஞ்சமும் கூசாமல் சொன்னேன். போனை வைத்த பிறகுதான் நாற்காலியைத் தேடிப் பிடித்து உட்கார்ந்தேன். சர்க்கரை இறங்கிவிட்டது என்று நினைத்து என் மனைவி இரண்டு பிஸ்கட்டைக் கொண்டுவந்து கொடுத்தாள். அதையும் வாங்கித் தின்றேன்.

நம்பர் எதுவும் தாவவில்லை. 4418-ஐ அழித்தவன் நான்தான். அதை அழித்துவிட்டு, கம்பெனி விசாரணையில் ஒரு பொய்யும் சொன்னேன். அந்தப் பொய்யால், என்னைக் காட்டில் உயிரோடு வைத்திருந்த ஒருவருக்கு அவருடைய காட்டு வேலை போயிற்று. நடந்து பதினான்கு வருடமாகிவிட்டது. பறவைப் படக்காரன் அன்வர் பாயின் வீரதீரத்தைப் படிக்கலாம் என்று யாராவது வந்திருந்தால் இங்கேயே இறங்கிக்கொள்ளலாம். நான் பயந்தாங்கொள்ளி. இந்தக் கட்டுரை முழுக்கப் பயம்தான்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு ஸ்டுடியோவில் கல்யாணப் படம் எடுத்துக்கொண்டிருந்தவன் நான். மாப்பிள்ளை, தலையைக் கொஞ்சம் தூக்குங்க, பொண்ணு, இந்தப் பக்கம் பாருங்க என்று பத்து வருடம் போயிற்று. பிறகு சர்வே கம்பெனியில் ஆள் எடுத்தார்கள். ஒரு இடத்தில் சாலையோ மின்பாதையோ தொழிற்சாலையோ வருவதற்கு முன்னால், அங்கே என்னென்ன பறவை, எவ்வளவு உயரத்தில், எந்தத் திசையில் பறக்கிறது என்று படத்தோடு அறிக்கை கொடுக்க வேண்டும். உட்கார்ந்திருக்கும் பறவையின் படத்தை யாரும் கேட்கவில்லை. பறக்கும்போதுதான் அது கம்பியில் மோதிச் சாகும் என்பதால் பறக்கும் படம்தான் வேண்டும். கறிக்கடைகளுக்கு மேலே சுற்றும் பருந்துகளை எடுத்துப் பழகினேன். முதல் மாதம் எடுத்ததில் பாதி வெறும் வானம், மீதி வால். மூன்றாம் மாதம் தலை வர ஆரம்பித்தது.

ஊருக்குள் எடுக்கும்வரை பயமில்லை. ஜவளகிரி, அஞ்செட்டிப் பக்கம் அனுப்ப ஆரம்பித்ததும்தான் தொல்லை. பறக்கும் பறவையைப் பெரிய லென்ஸில் பிடித்துக்கொண்டு போகிறவனுக்கு உலகம் ஒரு உள்ளங்கை அளவுக்குச் சுருங்கிவிடும். காலடியில் பாறை முடிகிறதா, பின்னால் யார் வருகிறார் என்று எதுவும் தெரியாது. அந்தக் காட்டில் பின்னால் வருவது பெரும்பாலும் யானை. அது நடக்கிற சத்தம் கேட்காது. நாலு டன் எடை சருகில் நடந்து வந்தும் சத்தமில்லை என்றால் நம்பமாட்டீர்கள், நானும் நம்பவில்லை, முதல் தடவை பார்க்கும்வரை.

அதனால் எங்கள் கம்பெனியில் மேட்டுக் காட்டுக்கு இரண்டு பேராகத்தான் போக வேண்டும். ஒருவர் மேலே பார்ப்பார், ஒருவர் கீழே பார்ப்பார். எனக்குக் கீழே பார்த்தவர் யசோதா மேடம். எனக்கு மேலதிகாரி, என்னைவிட ஆறு வயது மூத்தவர். தேன்கனிக்கோட்டைக்காரர், வீட்டில் பேசுவது தெலுங்கு, காட்டு ஊர்களில் கன்னடம், என்னோடு தமிழ். என்னை எப்போதும் "பாய், வாங்க, போங்க" என்றுதான் பேசுவார். குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. கோபம் ஏற ஏறக் குரல் இறங்கும். காதை அருகில் கொண்டுபோய்த்தான் அவரிடம் திட்டு வாங்க வேண்டும்.

இடத்துக்குப் போனதும் முதலில் சாம்பல் பையைத் தட்டுவார். பழைய சாக்ஸில் அடுப்புச் சாம்பலைக் கட்டி இடுப்பில் தொங்கவிட்டிருப்பார். பொடி எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம் நம் வாசமும் போகும், அங்கே யானை இருந்தால் தெரிந்துகொள்ளும். இதனால் என் அத்தருக்கும் தடை. "தொழுகைக்குப் போறப்ப போட்டுக்குங்க பாய். எனக்கும் அந்த வாசம் புடிக்கும். யானைக்குத்தான் ஆகாது" என்பார். அடுத்தது, புகுவதற்கு இடம் தேடுவார். ஆள் நுழைகிற மாதிரியும் யானை நுழைய முடியாத மாதிரியும் ஒரு பாறை இடுக்கு கிடைத்தால்தான் என்னைக் கேமராவை எடுக்கவே விடுவார். அங்கிருந்து நான் நிற்கும் இடத்துக்கு எத்தனை அடி என்று நடந்து பார்ப்பார். என்னையும் ஒரு தடவை பின்பக்கமாகவே நடக்க வைப்பார்.

கடைசியில் கயிறு. பத்தடி நூல் கயிறு. ஒரு முனை என் இடுப்பு பெல்ட்டில் முடிச்சு, மறுமுனை அவருடைய இடது மணிக்கட்டில் இரண்டு சுற்று. ஒரு இழுப்பு என்றால், அசையாதே. இரண்டு இழுப்பு என்றால், கேமராவை இறக்கு, கயிறு இழுக்கும் பக்கமாகப் பின்னால் வா. ஏன், எதற்கு என்று கேட்கக் கூடாது. அவரும் வாயால் கூப்பிடக் கூடாது. பாறை விளிம்பில் நின்று லென்ஸில் கண் வைத்திருப்பவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திடுக்கிட்டுத் திரும்புவான், கால் தவறும். அதே காரணத்துக்காக, நான் கேமராவை இறக்கும்வரை அவர் கயிற்றை விடக் கூடாது. என்னை விட்டுவிட்டு ஓடவும் கூடாது. "ரெண்டு இழுப்பு வந்தா, கண்ணு முன்னால ரெக்கை மொளச்ச யானையே பறந்தாலும் எறக்கிரணும் பாய்" என்று ஒவ்வொரு தடவையும் சொல்வார். நான் ஒவ்வொரு தடவையும் சிரிப்பேன்.

ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். பறவைகள் மேல் அவருக்கு இருந்த ஆசை எனக்குக் கிடையாது. எனக்கு அது சம்பளம். ஆனால் எட்டு வருடம் சேர்ந்து வேலை பார்த்ததில், நான் எடுத்த பறவைகளில் ஒன்றைக்கூட அவர் பறக்கும்போது நிமிர்ந்து பார்த்ததில்லை. எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு புதரையே பார்த்து நிற்பார். வேலை முடிந்து டீக்கடையில் உட்கார்ந்து, கேமராவின் சின்னத் திரையில்தான் பார்ப்பார். "அடடா, இதுவா எந்தலைக்கு மேல போச்சு" என்பார்.

நாட்றாம்பாளையத்துக்கு அப்பால் ஒரு பாறை முகடு. அதன் மேலே மின்பாதை போகப்போகிறது என்று எங்களிடம் அறிக்கை கேட்டிருந்தார்கள். மஞ்சள்முகப் பாறு என்று ஒரு கழுகு. வெள்ளை உடம்பு, இறக்கை ஓரம் கறுப்பு, முகம் மஞ்சள். செத்த மாட்டைத் தின்று காட்டைச் சுத்தமாக வைத்திருக்கும் ஜாதி. பல இடங்களில் காணாமல் போய்விட்டது. அந்த முகட்டில் ஒரு ஜோடி கூடு வைத்திருக்கிறது என்று மேடம் எச்சத்தையும் இறகையும் வைத்துச் சொன்னார். எச்சத்தை அறிக்கையில் ஒட்ட முடியாது. பின்னால் அந்த முகடு தெரிகிற மாதிரி, பறவை பறக்கும் படம் ஒன்று வேண்டும். இருந்தால் பாதையை மாற்றுவார்கள், இல்லாவிட்டால் கம்பி கூட்டுக்கு மேலேயே போகும். மூன்று வருடம் அலைந்தும் கிடைக்கவில்லை. அறிக்கை கொடுக்க நாலு நாள்தான் பாக்கி.

அன்று மாசி மாதத்து வெயில். எங்களோடு வந்த வனக் காவலர் மாதப்பன் அந்த மலைக்காரர். "கூட்டமெல்லாம் நேத்தே ஜவளகிரிப் பக்கம் எறங்கிடுச்சுங்க. ஒத்தை ஒண்ணு மட்டும் எங்க நிக்கிதுன்னு தெரியல" என்றார். அந்த ஒற்றை ஆண் யானையைப் பற்றி ஊரில் எல்லோருக்கும் தெரியும். கேழ்வரகுக் காவலுக்குப் போன ஒருவரை முந்தைய மாதம்தான் தூக்கி அடித்திருந்தது. திரும்பிவிடலாமா என்று கேட்டேன். மேடம் சாம்பல் பையைத் தட்டினார். காற்று எங்கள் பக்கம்தான் வந்துகொண்டிருந்தது. "வாசம் போகாது. ஒரு மணி நேரம் பாக்கலாம் பாய்" என்றார். மாதப்பன் தண்ணீர் பிடிக்க ஓடைக்கு இறங்கினார். மேடம் இடுக்கைப் பார்த்தார், அடி அளந்தார், என்னைப் பின்னால் நடக்க வைத்தார், கயிற்றைக் கட்டினார். எனக்கு எதிரே பள்ளம், அடி தெரியாத பள்ளம். இடுக்கு வலது பக்கம் பன்னிரண்டு அடியில்.

பத்து மணிக்கு மேல் பாறை சூடேறி, காற்று மேலே எழும்பும். பெரிய பறவைகள் அப்போதுதான் கிளம்பும். பத்தரை இருக்கும். பாறு என் காலுக்குக் கீழே பள்ளத்திலிருந்து, இறக்கையை அசைக்காமல் சுற்றிக்கொண்டே மேலே வந்தது. மூன்று வருடத்தில் முதல் தடவை. என் மட்டத்துக்கு வந்ததும் ஒரு நொடி என் பக்கம் முகத்தைத் திருப்பியது. பின்னால் முகடு முழுசாகத் தெரிந்தது. பொத்தானை அழுத்தினேன்.

அப்போது இரண்டு இழுப்பு வந்தது.

புரியவில்லை என்று விசாரணையில் சொல்ல நினைத்து ஒத்திகை பார்த்தேன். இப்போது உண்மையைச் சொல்கிறேன், நன்றாகவே புரிந்தது. இழுத்த வேகத்தில் என் இடுப்பு ஒரு பக்கம் சாய்ந்தது, கேமராவும் சாய்ந்தது, அந்த நொடி பதிவான படத்தில் முகடு குடைசாய்ந்து நிற்கும். அதுதான் 4418. நான் காலை அகட்டி ஊன்றி, கயிற்றுக்கு எதிராக உடம்பை நிமிர்த்திக்கொண்டு மறுபடியும் அழுத்தினேன். எடுத்தது சரியாக வந்ததோ இல்லையோ, இன்னொன்று எடுத்துவிடலாம் என்ற எண்ணம். இன்னொன்று. இன்னொன்று. என்னைப் போல் பயந்தவன் அந்த ஊரிலேயே கிடையாது, அப்படிப்பட்டவனுக்கு அந்தச் சில நொடிகள் பயமே போய்விட்டது. அதை நினைத்தால்தான் இன்றைக்கும் எனக்குப் பயமாக இருக்கிறது.

கயிறு மறுபடி இழுக்கவில்லை. தளரவும் இல்லை. விறைப்பாக நின்று நடுங்கியது. மேடத்தின் கை நடுங்குவது பத்தடி தள்ளி என் இடுப்பு எலும்பில் தெரிந்தது.

பறவை போய்விட்ட பிறகு கேமராவை இறக்கித் திரும்பினேன். யானை ஒரு பஸ் நீளத்தில் நின்றது. காதை விரித்து, துதிக்கையை உள்பக்கம் சுருட்டியிருந்தது. அதற்கும் எனக்கும் நடுவில் மேடம். என் பக்கம் முதுகு, யானையின் பக்கம் முகம். நான் திரும்பியது தெரிந்ததும், "பாய், உள்ள போங்க" என்றார். குரல் அவ்வளவு தணிவாக இருந்தது.

நான் ஓடினேன். கயிற்றை மறந்துவிட்டு ஓடினேன். பத்தடிக் கயிறு, பன்னிரண்டு அடி தூரம். நான் இடுக்கில் விழுந்தபோது கயிறு வெடுக்கென்று இழுத்து அவரைக் குப்புறத் தள்ளியது. யானை வந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன், அதனால் கால் எப்படி நசுங்கியது என்று என்னால் சொல்ல முடியாது. அலறல் கேட்டது, அது என்னுடையதாகவும் இருக்கலாம். ஓடையிலிருந்து மாதப்பன் கத்திக்கொண்டே வந்து பட்டாசைக் கொளுத்திப் போட்டார். மூன்றாவது வெடிக்கு யானை திரும்பிப் போயிற்று. மேடத்தின் வலது முழங்காலுக்குக் கீழே பார்க்க முடியவில்லை. கயிறு மட்டும் அவருடைய மணிக்கட்டில் அப்படியே இருந்தது.

போர்வையில் தொட்டில் கட்டித் தூக்கி வந்தோம். தேன்கனிக்கோட்டையில் கட்டுப் போட்டு, ஓசூரில் ஒரு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். உள்ளே அறுவை சிகிச்சை நடக்கிறது. நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன், சட்டையெல்லாம் ரத்தம். அப்போது என்ன செய்தேன் தெரியுமா? கேமராவைத் திறந்து பார்த்தேன். 4417 கண்ணாடி மாதிரி வந்திருந்தது. அடுத்ததில் முகடு சாய்ந்திருந்தது. அதைப் பார்க்கிற எவனுக்கும் இங்கேதான் கயிறு இழுத்தது என்று தெரியும். அதற்குப் பின்னால் இத்தனை நேர் படம் எதற்கு என்று கேட்பான். இரண்டு பெண் பிள்ளைகள், வாடகை வீடு, வேலை போனால் மறுபடி கல்யாண மண்டபம். குப்பைத்தொட்டி போட்ட பொத்தானை அழுத்தினேன். அழிக்கவா என்று கேமரா ஒரு தடவை கேட்டது. ஆமாம் என்றேன்.

பத்து நாள் கழித்து மேனேஜர் அறையில் விசாரணை. "கயிறு இழுத்ததும் கேமராவை எறக்கினீங்களா?"

"உடனே எறக்கிட்டன் சார்."

நான் உடனே இறக்கியிருந்தால் யானை அவ்வளவு பக்கத்தில் வரும்வரை அவர் இழுக்கவில்லை என்றுதானே அர்த்தம்? அப்படித்தான் எழுதிக்கொண்டார்கள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் மேடத்திடம் கேட்டபோது, "ஆமாங்க, லேட்டாத்தான் இழுத்தன்" என்று கையெழுத்துப் போட்டுவிட்டாராம். கவனக்குறைவு என்று பதிந்து, கால் சேர்ந்த பிறகும் காட்டு வேலை கூடாது என்றார்கள். காலில் கம்பி வைத்திருந்தாலும் மேடு ஏறுகிறேன் என்று அவர் இரண்டு தடவை எழுதிக் கொடுத்தார். காட்டு வேலையைத் திருப்பிக் கொடுக்கவில்லை. மேஜையில் உட்கார்ந்து எங்கள் படங்களுக்குப் பெயர் எழுதினார். மூன்று வருடத்தில் வேலையை விட்டுவிட்டார்.

படம் ஜெயித்தது. மின்பாதை முகட்டைச் சுற்றிக்கொண்டு போயிற்று. 4417-ஐப் பெரிதாக்கி வரவேற்பறையில் மாட்டினார்கள், எனக்குச் சால்வை போட்டார்கள். தினமும் அதைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும். மேடம் பார்க்க மாட்டாரா, கேட்க மாட்டாரா என்று அவர் இருந்த மூன்று வருடமும் அவருடைய கைத்தடிச் சத்தம் கேட்டால் கழிப்பறைக்குள் போய் நின்றுகொள்வேன். ஓய்வு பெறும்வரை ஒவ்வொரு நாளும் யாராவது அந்த விட்டுப்போன நம்பரைப் பார்த்துவிடுவார்கள் என்று பயந்தேன். ஒருவரும் பார்க்கவில்லை. வீட்டில் உட்கார்ந்து மூச்சு விட்டபோது கவிதா பார்த்தார்.

அந்தப் பெண் இரண்டு நாள் கழித்து மறுபடி போன் செய்து, "இனிமே ஒரு ஆளேதான் போகணுமாம் சார். புதுக் கேமரா பறவையோட கண்ணைத் தானே புடிச்சுக்குது, கிளிக் சத்தம்கூட இல்ல. ரெண்டாவது ஆள் எதுக்குன்னு நிறுத்தப் போறாங்க. அந்தக் காலத்துல யசோதா மேடம் இருந்துமே யானை அடிச்சுதாமே, அப்புறம் எதுக்கு ஆள்னு மீட்டிங்ல பேசிக்கிட்டாங்க" என்றார். அதற்குமேல் என்னால் உட்கார முடியவில்லை. என் பொய் இன்னொருவனைக் கயிறில்லாமல் பாறை மேல் அனுப்பப் பார்க்கிறது. மறுநாள் காலை தேன்கனிக்கோட்டைக்கு பஸ் ஏறினேன்.

மேடம் வீட்டு வாசலில் என்னைப் பார்த்ததும் ஆச்சரியப்படவில்லை. உள்ளே உட்கார வைத்து மோர் கொடுத்தார். டிவிக்கு மேலே சுவரில் அந்தப் பாறு படம், சின்ன அளவில், கண்ணாடி போட்டு மாட்டியிருந்தார். நான் மோரைக் குடிக்காமலேயே சொல்லிவிட்டேன். "மேடம், நீங்க லேட்டா இழுக்கல. நீங்க இழுத்தப்புறமும் நான் எறக்கல. விசாரணையில பொய் சொன்னன்."

"தெரியும்" என்றார். "எனக்குத் தெரியாம எப்படி இருக்கும்? கயித்தோட இன்னொரு முனை எங்கையிலதான இருந்துச்சு?"

"அப்ப ஏன் மேடம் கையெழுத்துப் போட்டீங்க?"

"விதியை மீறி எடுத்ததுன்னு தெரிஞ்சா அந்த நாள் படம் அத்தனையும் ஒதுக்கிருப்பாங்க. கம்பி அதுங்க கூட்டு மேல போயிருக்கும். பாறுக்காகப் போட்டன். உனக்காக இல்ல."

என்னை அவர் 'நீ' என்று சொன்னது அதுதான் முதல் தடவை. குரல் கேட்க நான் முன்னால் குனிய வேண்டியிருந்தது.

"எத்தனை எடுத்த, நான் இழுத்தப்புறம்?"

"ஒரு ஏழெட்டு இருக்கும் மேடம்."

"ஒன்பது. நான் எண்ணுனன். யானை ஒவ்வொரு அடியா எடுத்து வெக்கிது, நீ ஒவ்வொரு படமா எடுக்கற. ஒவ்வொரு சத்தத்துக்கும் இதுதான் கடைசின்னு நெனச்சன்."

அவர் சுவரைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். பதினான்கு வருடமாக மனதில் வைத்திருந்த கேள்வியை இப்போது கேட்டுவிடலாம் என்று தோன்றியிருக்க வேண்டும். முகம் கொஞ்சம் இளகியது. "நான் அதை நேர்ல பாக்கவே இல்ல. இந்தப் படத்துலதான் பாத்தன். கால் போனாலும் இது வந்துதேன்னு தினம் பாத்துக்குவன். அந்த ஒன்பதுல இது எத்தனாவது?"

ஒரு பொய் சொல்லியிருக்கலாம். நாக்கு தயாராகத்தான் இருந்தது. மூன்றாவது என்றோ ஐந்தாவது என்றோ சொல்லியிருந்தால் அவர் சிரித்திருப்பார்.

"இது அந்த ஒன்பதுல இல்லீங்க மேடம்" என்றேன். "நீங்க இழுக்கறதுக்கு முன்னாடியே எடுத்தது. அப்புறம் எடுத்ததெல்லாம் வெறும் முதுகும் வாலும்தான்."

அவர் வலது கையால் இடது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மோரில் ஈ விழுந்தது, எடுக்கத் தோன்றவில்லை. பிறகு கைத்தடியை ஊன்றி எழுந்து கதவைத் திறந்து வைத்தார்.

"போய் எழுது. ஒன்பதையும் எழுது" என்றார்.

எழுதிவிட்டேன். கம்பெனிக்குத் தனியாக எழுதி அனுப்பியிருக்கிறேன், என்னை என்ன செய்வதென்று அவர்கள் முடிவு செய்யட்டும். கவிதாவுக்கும் பதில் சொல்ல வேண்டும். அம்மா, 4418-ஐத் தேட வேண்டாம், நான்தான் அழித்தேன். 4419-லிருந்து 4427 வரை நீங்களே எண்ணிப் பாருங்கள், ஒன்பது வரும். அவற்றில் ஒன்றுகூட எதற்கும் ஆகாது. 4417 எடுத்ததும் நான் கேமராவை இறக்கியிருக்கலாம்.